பதினேழா பதினெட்டா

நான் வீட்டுத் தரகன். பேட்டையில் இருந்துகொண்டு, மேற்கே சேரன்மகாதேவி வரைக்கும் தெற்கே வள்ளியூர் வரைக்கும் வீடு காட்டுகிறவன். இந்தத் தொழிலில் எனக்கென்று ஒரு வீம்பு உண்டு. வீட்டில் என்ன குறை இருக்கிறதோ அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நல்லதைச் சொல்ல வாயைத் திறப்பேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் உப்பு. மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றால் நிற்கும். "அண்ணாச்சி எதையும் ஒளிக்க மாட்டாரு" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்பதில் எனக்குத் தனி ருசி. முன்கோபமும் உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டைப் படம் எடுப்பதில்தான் நான் படு மோசம். என் படங்களில் பாதி சுவராகவும் மீதி என் கட்டைவிரலாகவும் இருக்கும். பெரிய ஹாலை எடுத்தால் கோழிக்கூடு மாதிரி வரும். அதைப் பார்த்தவர்கள் வீட்டுக்கே வராமல் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன தீபாவளிக்கு வந்தபோது தன்னுடைய பழைய போனை என் கையில் வைத்தாள். பழசு என்றுதான் பெயர். நான் காசு போட்டு வாங்கும் எந்தப் புதுப் போனும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

"இனிமே போட்டோ எடுக்காதீங்கப்பா. வீட்டை ஸ்கேன் பண்ணுங்க" என்றாள்.

"ஸ்கேன் வயித்துக்குல்லா எடுக்கது. வீட்டுக்கு என்ன நோவு வந்துட்டு?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. போனைத் திருப்பி, பின்பக்கம் கேமராக்களை ஒட்டி இருந்த ஒரு கறுப்புப் பொட்டைக் காட்டினாள். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி போய்ச் சுவரில் பட்டுத் திரும்புமாம். போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, சுவர் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று போனே கணக்குப் போட்டுவிடுமாம். நான் "சரி, சரி" என்றேன். ஒன்று புரியவில்லை என்றால் நான் அப்படித்தான் சொல்வேன்.

முதலில் எங்கள் வீட்டையே ஸ்கேன் செய்தோம். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் பைய நடக்க வேண்டும். நான் நடக்க நடக்க, திரையில் சுவரின்மேல் வெள்ளைக் கோடுகள் வலை மாதிரிப் படர்ந்துகொண்டே போயின. கட்டில்மேல் படர்ந்தது, மிக்சிமேல் படர்ந்தது, கொடியில் தொங்கிய என் சட்டைமேலும் படர்ந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தால் மெதுவாகப் போகச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது. வீட்டு ஆட்கள் சொல்லி நான் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு அந்த எழுத்துக்கு அடங்கி ஒடுங்கி நடந்தேன்.

மொத்தம் பத்து நிமிடம்தான். மகள் எதையோ தட்டினாள். எங்கள் வீடு, கூரையை மட்டும் கழற்றி எடுத்துவிட்டது போலத் திரையில் எழுந்து நின்றது. விரலால் சுழற்றினால் சுழன்றது. இரண்டு விரலால் விரித்தால் வாசல் வழியாக உள்ளே போக முடிந்தது. அடுப்படி மேடையில் நான் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்திருந்த காப்பி டம்ளர்கூட வைத்த இடத்தில் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக நான் குடியிருக்கும் வீடு. அதை மொத்தமாக, மேலே நின்று, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். இவ்வளவு சின்ன வீட்டுக்குள்தான் கல்யாணம், பிள்ளைப்பேறு, சண்டை சச்சரவு எல்லாம் நடந்ததா என்று கேட்டுக்கொண்டேன். பொழுதன்றைக்கும் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு கோளாறு இருந்தது. பீரோவுக்குப் பின்னால், இல்லாத ஓர் அறையைப் போன் கட்டி வைத்திருந்தது. பீரோக் கண்ணாடியில் தெரிந்த அறையை நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டதாம். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு ரூம் எடுங்க எடுங்கன்னு இருவது வருசமாச் சொல்லுதேன். போன் பத்து நிமிசத்துல எடுத்துட்டு பாத்தீங்களா" என்றாள்.

அதிலிருந்து, கண்ணாடி இருக்கும் இடத்தில் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு ஸ்கேன் செய்யப் பழகிக்கொண்டேன்.

வித்தை கைவந்ததும் முதலில் என் நினைவுக்கு வந்தது சேரன்மகாதேவி டீச்சரின் வீடு. மூன்று வருடமாக விற்காமல் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வீடு அது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் வங்கியில் வேலை பார்த்தவர். லீவு போட்டுப் பக்கத்தில் நின்று, கொத்தனாரோடு மல்லுக்கட்டி அந்த வீட்டைக் கட்டினாராம். பால் காய்ச்சி இரண்டு வருடம் ஆகும் முன்னால் ஒருநாள், படுக்கை அறையில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. ஒரே மகள் சென்னையில் இருந்தாள். தன்னோடு வந்துவிடும்படி அவள் நச்சரித்ததால், டீச்சர் அரை மனதாக என்னைக் கூப்பிட்டு வீட்டை விற்கலாமா என்று கேட்டார். நான் போய் அறை அறையாக அளந்தேன். படுக்கை அறையின் நீளம் பதினெட்டு அடி.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மனையடி பார்ப்பார்கள். அறையின் உள்ளளவு இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று ஒரு கணக்கு. பதினேழு அடி நல்லது. பதினெட்டு ஆகவே ஆகாது, வீடு பாழாகும் என்பார்கள். கொத்தனாரில் தொடங்கி வங்கி மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் இது மனப்பாடம். நீ நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் என் வீட்டில் பதினெட்டு அடியில் அறை கிடையாது.

"அவுக பதினேழுன்னுதான சொன்னாவ" என்று மட்டும் அன்றைக்கு டீச்சர் சொன்னார். நான் கிளம்புவதற்குள் அந்த அறையைப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கை. அரை மனதாக இருந்தவர், பிறகு வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்தார்.

"எப்படியாவது வித்துக் குடுத்துருங்க அண்ணாச்சி. இந்த வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது" என்பார்.

நான் என்ன செய்தேன்? வீடு கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் என் வழக்கப்படி எடுத்த எடுப்பிலேயே அந்தப் பதினெட்டு அடியைச் சொன்னேன். கேட்டவர்கள் அப்படியே நழுவினார்கள். மூன்று வருடத்தில் ஒருவர்கூட அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நான் உண்மையைச் சொல்கிற ஆள் என்ற பெயர் மட்டும் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

மாசி மாதம், வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் போனோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் பூட்டின அறையின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே தொறந்து பாத்துக்கிடுங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளே மூன்று வருடத் தூசி. ஜன்னலைத் திறந்துவிட்டு, பீரோக் கண்ணாடியைப் போர்வையால் மூடிவிட்டு, சுவரோரமாக நடந்தேன். வெள்ளை வலை ஒவ்வொரு சுவராகப் பிடித்துக்கொண்டு வந்தது. முடித்து வெளியே வந்து டீச்சரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஹாலுக்குள் போனார், அடுப்படிக்குள் போனார், கொல்லைக் கதவைத் தாண்டித் துவைக்கிற கல்லைக்கூடப் பார்த்துவிட்டு, "என் வீடு அப்படியே ஒங்க உள்ளங்கையில இருக்கு" என்றார். படுக்கை அறைப் பக்கம் மட்டும் அவர் விரல் போகவில்லை.

அந்த ஸ்கேனை நான் நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். நாலாம் நாள் ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நான் ஒங்க வீட்டுக்குள்ளதான் நிக்கேன்."

"எந்த வீட்டுக்குள்ள? யாரு நீங்க?" என்று நான் பதறிவிட்டேன்.

"சேரமாதேவி வீட்டுக்குள்ள. போன்ல சொல்லுதேன்" என்று சிரித்தார்.

அவர் கடற்கரை ஊர்க்காரர். சரக்குக் கப்பலில் வேலை. மனைவி நர்சு. மனைவிக்குச் சேரன்மகாதேவிக்கு மாற்றல் ஆகியிருந்ததால் அங்கே வீடு தேடினார்கள். அவர் பேசியது நடுக்கடலிலிருந்து. சுற்றிலும் தண்ணீர்தான், மூன்று நாளாகக் கரையே கண்ணில் படவில்லை என்றார். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

"அடுப்படி வாசல்ல சுவிட்சுப் பெட்டி ஓரம் ஒடஞ்சிருக்கே, அதை மாத்தித் தருவாங்களா? கொல்லைக் கதவுக்கு மேல ஈரம் எறங்கியிருக்கு, பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. எங்கேயோ கடலுக்கு நடுவில் ஒரு மனிதர் நின்றுகொண்டு, ஆற்றங்கரை ஊரில் ஒரு வீட்டுக் கொல்லைச் சுவரில் ஈரம் இறங்கியிருப்பதைச் சொல்கிறார். நின்றுகொண்டிருந்தவன் பைக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் என் வீம்பு போகவில்லை. "தம்பி, ஒண்ணு முன்னாடியே சொல்லிருதேன். படுக்கை ரூம் பதினெட்டு அடி. எங்க பக்கம் அது ஆகாதும்பாவ" என்றேன்.

"எங்க ஆளுகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கெடையாது அண்ணாச்சி. ஆனா பதினெட்டு இல்லயே. பதினேழுல்லா காட்டுது."

"பதினெட்டு."

"எங்க அம்மா கட்டிலும் பெரிய மரப்பெட்டியும் ஒரே சுவரோரமா அடங்குமான்னு பாக்கதுக்காக நானே அளந்தேன். பதினேழுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நேர்ல நின்னு அளந்தவன் நான். இந்தப் போன், கண்ணாடியக் கண்டா ரூம்னு நெனைக்க போன். அதப் போயி நம்புதீயளே" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஸ்கேன்ல ரெண்டு சுவரையும் விரலால தொட்டா அளவு வருது அண்ணாச்சி. நான் மூணு தடவ தொட்டுப் பாத்துட்டேன். நீங்களும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தொட்டுப் பார்த்தேன். பதினேழு என்று காட்டியது. மறுபடி தொட்டேன். பதினேழு, அரை அங்குலம் குறைய. போனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நிரூபிப்பதற்காக மூன்று வருடத்துக்கு முந்தைய என் குறிப்பு நோட்டைத் தேடி எடுத்தேன். ஹால் பதினாறு என்று எழுதியிருந்தேன். போனிலும் பதினாறு. அடுப்படி எட்டு. போனிலும் எட்டு. சின்ன அறை பத்து. போனிலும் பத்து. படுக்கை அறை மட்டும் இடித்தது. அதுவும் முன்னப்பின்ன இல்லை, சரியாக ஒரு அடி. அந்த ஒரு அடியைப் பார்த்ததும் எழுந்து பைக்கிடம் ஓடினேன்.

பைக் பெட்டியைத் திறந்து என் டேப்பை எடுத்தேன். அது நாடா டேப். முனையில் வளையத்தோடு இருந்த துண்டு அறுந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. முதல் அடியே அதில் கிடையாது. ஒன்று என்ற எண்ணில்தான் ஆரம்பிக்கும். புது டேப் வாங்க மனசு வராத கஞ்சன் நான். வருகிற அளவில் ஒரு அடியைக் கழித்து நோட்டில் எழுதிக்கொள்வேன். டேப் பிடிக்கிற ஆட்களில் பாதிப் பேர் இந்த வேலைதான் செய்கிறார்கள். மனசுக்குள் தானாகக் கழிந்துவிடும்.

டீச்சர் வீட்டில், அந்த ஒரு அறைக்கு மட்டும் அன்றைக்குக் கழியவில்லை. இப்போது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. மற்ற அறைகளில் டேப் முனையை ஒரு செங்கல்லால் அமுக்கி வைத்துவிட்டு நானே அளந்தேன். படுக்கை அறைக்கு வந்தபோது டீச்சர் "நான் பிடிக்கேன், குடுங்க" என்று முனையை வாங்கிக்கொண்டார். எதிர்ச்சுவரில் நான் நாடாவை இழுத்துப் பிடித்ததும், "எவ்வளவு வருது அண்ணாச்சி?" என்று கேட்டார். நாடாவில் என்ன தெரிந்ததோ அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன். பதினெட்டு. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துப் பதறிப்போய், கழிக்காமல் அப்படியே எழுதியும் விட்டேன். பதினெட்டு என்றால் பாழ் என்பது அந்தப் போனுக்குத் தெரியாது. அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பதறவும் அதற்குத் தெரியாது. சுவர் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். கப்பல்காரருக்கு அடிக்கணக்குத் தேவையில்லை. டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடுவார். ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. ஆனால் தன் புருசன் ஒரு அடி பிசகாகக் கட்டி அதனாலேயே செத்தார் என்று நினைத்துக்கொண்டல்லவா அந்த அம்மா கடைசிவரைக்கும் இருப்பார்? விடிந்ததும் விடியாததுமாகச் சேரன்மகாதேவிக்குக் கிளம்பினேன்.

டீச்சர் கதவைத் திறந்ததும், "ஆள் கெடச்சாச்சா அண்ணாச்சி?" என்று ஆசையாகக் கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல்காரர் அளந்தது, என் டேப்பின் முதல் அடி அறுந்தது, அன்றைக்கு நான் கழிக்காமல் விட்டது. நான் முடித்ததும் டீச்சர், "டேப் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

சாவியை அவரே எடுத்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார். என் கையிலிருந்து டேப் முனையை வாங்கி, ஒன்று என்று போட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டார். நான் எதிர்ச்சுவருக்கு இழுத்துப் பிடித்தேன்.

"எவ்வளவு?"

"டேப்புல பதினெட்டு, டீச்சர்."

"கழிங்க."

"பதினேழு."

"சத்தமாச் சொல்லுங்க."

"பதினேழு, டீச்சர்."

அவர் முனையைக் கீழே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னைத்தான் ஏசிக்கொண்டார்.

"கணக்க ரெண்டாந்தடவ போட்டுப் பாக்கலன்னு எத்தன பிள்ளையள அடிச்சிருக்கேன். நான் ஒரு தடவ அளந்து பாத்திருக்கக் கூடாதா?" என்றார். பிறகு, "மூணு வருசமா அவுக படத்துக்கு நான் பூ வைக்கல அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி ஒருநா தவறுனது கெடையாது. ஒரு அடியப் பாக்காமக் கட்டி, தன்னையும் கொண்டுபோயி, என்னைய ஒத்தையில விட்டுட்டாவளேன்னு அம்புட்டுக் கோவம்" என்றார்.

அந்த மனிதர் அளவு பிசகாமல் கட்டிய சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"அந்தத் தம்பிகிட்ட ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுங்க. வீடு அவருக்குத்தான். ஒரு மாசம் நான் இந்த ரூம்ல படுத்துட்டு அப்புறம் எழுதிக் குடுக்கேன்" என்றார். அன்றைக்கே கப்பல்காரரிடம் சொன்னபோது அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. தான் கரைக்கு வரவே மூன்று மாதம் ஆகும் என்றார்.

டீச்சர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிச்சிப்பூ விக்கும். மூணு முழம் வாங்கிட்டு வாங்க" என்றார். நான் வாசலுக்கு இறங்கியதும், "நீங்க அளக்காதீங்க. பூக்காரியவே அளக்கச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பூவைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஹாலில் இருந்த படத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்து, மூன்று முழத்தையும் அதற்கே போட்டார். தலையில் பூ வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட பிள்ளைக்குச் சரிசெய்வது போலச் சரத்தை இப்படியும் அப்படியும் திருத்திவிட்டு நின்றார்.

"ரொம்ப ஏசிட்டேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.